ஆச்சி கீழிருந்து பார்த்த விமானம்

டில்லியில் பாலம் என்ற இடத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானமான ஓகா ஒன்று இருக்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கிலிருந்து வால்வரை படம் எடுத்தவன்தான். ஆனாலும் என் மனத்தைவிட்டு அகலாமல் இருப்பது, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், நடந்தது.

2019 பொங்கல் விடுமுறை. காரைக்குடிப் பக்கம் மாதிரி விமானங்களும் டாங்கிகளும் செய்கிற நாங்கள் நான்கு பேர், நண்பரின் பூர்வீக வீட்டில் மேசை போட்டு எங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைத்தோம். ஊர்ப்பிள்ளைகள் டாங்கிகளை மொய்த்துக்கொண்டார்கள். நான் கொண்டுபோனது 1:72 அளவில் மிட்சுபிஷி கி-21, இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். இறக்கை விரிவு சுமார் 31 சென்டிமீட்டர். 1941-இல் ஜப்பானியத் தரைப்படை விமானங்களுக்குச் சிவப்பு வட்டம் பெரும்பாலும் இறக்கைகளில்தான் இருக்கும், உடற்பகுதியில் இராது. அதைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு மிகுந்த நிறைவு. மேற்புறத்துப் பச்சைக்கு மட்டும் நான்கு மாலைகள் செலவிட்டிருந்தேன்.

நண்பரின் பெரிய ஆச்சிக்கு அப்போது எண்பத்தைந்து வயது. தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தவர், அட்டையில் எழுதியிருந்த 'ரங்கூன், டிசம்பர் 23, 1941' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதன் வயிறு என்ன நிறம், தம்பி?"

சாம்பல் என்றேன். "எடுத்துக் காட்டு" என்றார்.

தூக்கிப் பிடித்தேன். அடிப்பக்கத்தில் ஒரு கை சாயம்தான் அடித்திருந்தேன். இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் உப்புத்தாள் போடாத கோடு அப்படியே தெரிந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் பசையோடு என் கட்டைவிரல் ரேகை. மேசைமேல் வைக்கிற பொருளின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். ஆச்சி தலையை அண்ணாந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்மாவின் ரங்கூன் நகரில் ஜப்பானியர் குண்டு வீசிய அந்த நாளில் அவருக்கு ஏழு வயது. அந்த ஊர் மொகல் தெருவில், நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கிக்கு எதிரே நின்றிருக்கிறார். ஓடி ஒளிய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தெருவே அண்ணாந்து நின்றது. அவருடைய அப்பச்சி, நகரத்தார் தந்தையை அப்படித்தான் அழைப்பார்கள், மகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டாராம். "வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணி முடிப்பதற்குள் அப்பச்சி என்னைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்" என்றார். அன்று ரங்கூனில் அப்படி வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தில்தான் ஏராளமானோர் மாண்டார்கள். ஜப்பானியரைத் தடுத்துப் பறந்த டோமஹாக், பஃபலோ சண்டை விமானங்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். தெருவில் நின்ற இந்தக் கூட்டத்தை எப்போதும் ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த மாதமே கப்பல் கிடைத்து இவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். கப்பல் கிடைக்காத பங்காளிகள், பர்மாவின் மேற்குப் பகுதியான அரக்கான் வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டபோது ஆச்சி பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்றார். நானும் வற்புறுத்தவில்லை. நாங்கள் நின்ற வளவின் தூண்கள் பர்மாத் தேக்கு.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தைச் சுரண்டி, கோட்டைத் தேய்த்து, முதலிலிருந்து சாயம் அடித்தேன். கீழ் இறக்கைச் சிவப்பு வட்டங்களைப் புதிதாக ஒட்டினேன். மறு பொங்கலுக்கு அதை மேசையில் வைக்கவில்லை. தூண்டில் நரம்பில் கோத்து, அதே வளவில் உத்திரத்திலிருந்து தொங்கவிட்டேன். ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்து அதன் கீழே கொண்டுவந்தார்கள்.

வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை மேலே காட்டி, "இன்னும் உயரத்தில் கட்டு, தம்பி" என்றார். ஏணி கொண்டுவரப் போனேன்.