மண்ணெண்ணெய் இரவு முழுக்க இறங்காமல் நின்றது. இன்னும் ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டுமா?

உதகை800

அப்பா விட்டுச்சென்ற 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. இரண்டு மாதமாக ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்தது. பிளக், ஒயர் எல்லாம் மாற்றியும் தீரவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அழுத்தம் பார்த்தேன்: மூன்று சிலிண்டர்களிலும் வரிசையாக, சதுர செ.மீ.க்கு 9.2, 9, 5.5 கிலோ. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தேன், 5.7 தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வால்வில்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டு, கார் ஷெட்டிலேயே ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் என்ஜின் மேல்பகுதியை, கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு கீற்று எரிந்துபோயிருந்தது. அதற்குப் புதிய வால்வு வாங்கினேன். ஆறு வால்வுகளையும் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்த்தேன், முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது. எல்லாவற்றிலும் சுற்றிலும் சாம்பல் நிற வளையம் விழுந்துவிட்டது. ஸ்பிரிங் பூட்டி, வால்வுக்குப் பின்னால் உள்ள வழிகளான போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைத்தேன். காலையில் வால்வின் மறுபக்கம், எரியும் அறையான சேம்பர், உலர்ந்து கிடந்தது.

எங்கள் தெரு மெக்கானிக், "சீட் கட்டிங் செய்யாமல் பூட்டாதீர்கள்" என்கிறார். சீட் என்பது வால்வு மூடி உட்காரும் வளையம், அதைக் கட்டரால் வெட்டிச் சீராக்குவது சீட் கட்டிங். ஒழுகாத வால்வுக்கு அது எதற்கு என்பதுதான் என் கேள்வி. தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

லேத்காரன்_கோவை

தம்பி, 28 வருடமாக ஹெட் வேலை செய்கிறேன். மண்ணெண்ணெய் நின்றது என்று சந்தோஷமாக வந்து, மூன்று மாதத்தில் அதே ஹெட்டைத் திரும்பத் தூக்கி வந்தவர்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய்க்குச் சூடு தெரியாது. என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 தடவை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பங்கு, அது மூடி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்க வேண்டும். மிச்சம் கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய், வழியாக. சீட் கோணலாக இருந்தாலோ, கைடு தேய்ந்து வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாலோ அந்த வழி அடைபடும். வால்வு மறுபடி எரியும்.

என் கேள்வி ஒன்றுதான்: மூன்றாவது வால்வு ஏன் எரிந்தது? பேஸ்ட் அதற்குப் பதில் சொல்லாது. கைடு ஆட்டம் பார்த்தீர்களா? மற்ற இரண்டு சிலிண்டர்களில் 9 என்பதே குறைவு. சமவெளியில் நல்ல 800 என்ஜின் 12-ஐ ஒட்டிக் காட்டும். உங்கள் ரிங்கும் போய்விட்டது என்றே தோன்றுகிறது.

வைகைக்கரை_புல்லட்

லேத்காரர் சொல்வதைக் கேட்டால், பட்டறைக்குள் நுழைந்ததும் துல்லியம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

என்னிடம் இருப்பது பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட், 346 சி.சி. பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஹெட்டைக் கொடுத்தேன். தேய்ந்த கைடுக்குள் கையால் சுற்றும் கட்டரின் வழிகாட்டித் தண்டை (பைலட்) நுழைத்து, கட்டர் தள்ளாடத் தள்ளாடச் சீட்டை வெட்டினார்கள். வட்டம் முட்டையானது. அதைச் சரிசெய்ய மேலும் வெட்டினார்கள். கடைசியில் வால்வு கிணற்றில் விழுந்த குடம்போல் உள்ளே இறங்கிவிட்டது. புதிய சீட் ரிங் போடும் செலவு என் தலையில். அன்றிலிருந்து ஹெட்டை யாரிடமும் கொடுப்பதில்லை. ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, மோர் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுவேன். நாலைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்று திருப்பி வைப்பேன். சரசர என்ற சத்தம் அடங்கி வழவழப்பாகும்போது நிறுத்திவிடுவேன். இதில் எந்த மர்மமும் இல்லை.

உதகைக்காரரே, பூட்டுங்கள்.

லேத்காரன்_கோவை

கெட்ட பட்டறை ஒன்று இருந்தது என்பதால் நல்ல பட்டறையே கிடையாது என்று ஆகாது. நீங்கள் சொன்ன கதையில் குற்றவாளி கட்டர் அல்ல, தேய்ந்த கைடு. கைடை மாற்றாமல் சீட்டைத் தொட்டதே தவறு. அதைத்தான் நானும் முதல் பதிவில் கேட்டேன்: கைடு பார்த்தீர்களா? புல்லட் நண்பர் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டு, எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தம்பிக்கு இரண்டு வேலை. வால்வை அரை அங்குலம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு சீட்டில் சாம்பல் வளையத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்து எழுதுங்கள்.

உதகை800

அண்ணா, எரிந்த காரணம் எனக்குத் தெரியும். ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டின் நுனிக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, பார்த்தேன். மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் மிக மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. போன வருடம் ஒருவரிடம் விட்டபோது, டிக் டிக் சத்தம் போய்விட்டது பாருங்கள் என்று பெருமையாகக் கொடுத்தார். சத்தத்தோடு இடைவெளியையும் போக்கிவிட்டார் என்பது இப்போதுதான் புரிகிறது. சூட்டில் தண்டு நீண்டதும் வால்வு முழுதாக மூடியிருக்காது.

கைடு ஆட்டம்: மூன்றாவதும் மற்றவையும் ஒரே மாதிரிதான், மிகக் கொஞ்சம். சீட் அகலம்: ஐந்து வால்வுகளில் 1.4 முதல் 1.6 மி.மீ. மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் மட்டும் 2.6.

லேத்காரன்_கோவை

2.6! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த என்ஜினுக்கு ஏறக்குறைய 1.5 இருக்க வேண்டும். அகலம் கூடினால் அதே ஸ்பிரிங் விசை பெரிய பரப்பில் பரவி, அழுத்தம் குறையும். மூடும்போது கரித்தூளை நசுக்கித் தள்ளும் பலம் இருக்காது. தூள் சிக்கும், வாயு கசியும், மறுபடி எரியும். அகலமான சீட்டில் மண்ணெண்ணெய் மட்டும் அழகாக நிற்கும். பார்க்கப்போனால், அகலம் கூடக் கூட அந்தச் சோதனையில் தேறுவது இன்னும் எளிது.

பின்சக்கரம்

ஒரு சந்தேகம். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் எப்படி மாறுகிறது? அதை மட்டும் வேறு விதமாகத் தேய்த்தீர்களா?

உதகை800

கேட்பீர்கள் என்று பயந்தேன். புதிய வால்வில் வளையம் சீக்கிரம் விழவில்லை. கை வலித்தது. தண்டில் ரப்பர் குழாய் மாட்டி, டிரில் மெஷினால் மெதுவாகச் சுற்றினேன். மெதுவாகத்தான்.

லேத்காரன்_கோவை

மெதுவாக!

டிரில் ஒரே திசையில் சுற்றும். பேஸ்ட் துகள் ஒரே தடத்தில் ஓடி வட்டக் கோடு கிழிக்கும். தூக்கித் திருப்பி வைப்பதே இல்லாததால் துகள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. போதாததற்கு பேஸ்ட் தண்டோடு ஏறிக் கைடுக்குள் போகும். கைடைத் தேய்க்க அதைவிடச் சிறந்த மருந்து உலகத்தில் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், 1.5-ஐ 2.6 ஆக்கியது டிரில் மட்டுமாக இருக்காது. அந்தச் சீட்டை இதற்கு முன்பும் யாரோ இரண்டு மூன்று தடவை தேய்த்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

வைகைக்கரை_புல்லட்

டிரில் விஷயத்தில் லேத்காரர் பக்கம் நிற்கிறேன். மனமில்லாமல்தான்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்தவன். எல்லோரும் அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது எந்த ஊரில் எடுத்த அளவு என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்காலுக்குச் சற்று மேல்தான். சிலிண்டர் உள்ளே இழுப்பதே மெலிந்த காற்று. சமவெளியில் 12 காட்டும் என்ஜின் அங்கே 9-ஐ ஒட்டித்தான் காட்டும். ஆகவே 9.2-ம் 9-ம் நல்ல அளவுகள். ரிங் போய்விட்டது என்று லேத்காரர் சொன்னது தவறு. மலையில் எண்ணைப் பார்க்காதீர்கள், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் கவலை.

இன்னொன்று. மண்ணெண்ணெய், கம்ப்ரஷன் கேஜ் இரண்டையும்விட நம்பகமான சோதனை லீக்டவுன். வண்டியைப் பூட்டிய பிறகு செய்வது. பிஸ்டனை கம்ப்ரஷன் முடியும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, நாலாவது கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று பிஸ்டனைத் தள்ளி என்ஜினைச் சுற்றிவிடும், ஸ்பேனரில் கை இருந்தால் ஆபத்து. பிளக் துளை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்று விடுங்கள். நடுவில் சின்னத் துளை வைத்து இரண்டு கேஜ் பொருத்திய கருவி. இரண்டாவது கேஜ் 92 காட்டினால் 8 சதவீதம் கசிவு. 10-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 20-ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

கசியும் இடத்தைக் காதே சொல்லும். சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் என்றால் இன்லெட். ஆயில் ஊற்றும் மூடியில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த சோதனை இதுதான். கருவியை நாங்களே செய்துகொண்டோம்.

லேத்காரன்_கோவை

உயரத்தை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், ஐயா. எங்கள் பட்டறைக்கு ஹெட் வரும், வண்டி வராது. எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

ஆனால் லீக்டவுனும் வண்டி நிற்கும்போது செய்யும் சோதனைதானே? ஓடும் சூட்டில் சீட் என்ன செய்யும் என்று அதுவும் சொல்லாது. 2.6 அகலச் சீட் அதிலும் தேறிவிடலாம். நான் கையில் வைத்திருப்பது வெர்னியரும் நீலச் சாயமும். சாயத்தை வால்வில் மெல்லிசாகத் தடவி, சீட்டில் வைத்து லேசாக அழுத்தித் திருப்பினால், தொடும் இடம் முழு வட்டமா, அது வால்வு முகத்தின் நடுவில் விழுகிறதா, எவ்வளவு அகலம் என்று எல்லாம் கண்ணால் பார்க்கலாம். ஒழுகல் சோதனை கடைசியில் செய்ய வேண்டியது. இவர்கள் அதை முதலில் செய்துவிட்டுக் கொண்டாடுகிறார்கள்.

வைகைக்கரை_புல்லட்

காது சோதனை பற்றி ஒரு கதை. என் புல்லட் கம்ப்ரஷன் பிடிக்காமல் கிக்கர் தொளதொளவென்று இறங்கியது. இரண்டு தடவை ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்தேன். மாறவில்லை. கடைசியில் ஒரு நண்பர் காற்று விட்டுக் காதை வைத்துப் பார்த்தார். கசிந்தது வால்வு அல்ல, கிக் அடிக்கும் முன் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர். சுண்டைக்காய் அளவு இருக்கும் அந்தச் சின்ன வால்வு சரியாக உட்காரவில்லை. இரண்டு ஹெட் கேஸ்கட்டும் நான்கு விடுமுறை நாட்களும் வீண். அதனால் பயிற்றுநர் ஐயாவுக்கு என் ஓட்டு. புல்லட்டில் டேப்பட்டுக்கு ஃபீலர் தகடே வேண்டாம். குளிர்ந்த என்ஜினில் புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான்.

சீட் கட்டிங் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

பின்சக்கரம்

இந்தத் திரியைப் படித்துவிட்டுப் புதிய வண்டிக்காரர்கள் யாராவது பேஸ்ட் டப்பாவோடு கிளம்பிவிடப் போகிறார்கள். சில வால்வுகளின் முகத்தில் கெட்டிப்படுத்திய மெல்லிய மேற்பூச்சு இருக்கும். தேய்த்தால் அதுவே போய்விடும். பக்கெட்டும் ஷிம்மும் (இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு தகடு) உள்ள என்ஜினில் வால்வு ஒரு மயிரிழை இறங்கினாலும் ஷிம் மாற்ற வேண்டும். 800-ல் ராக்கரில் திருகு இருப்பதால் உதகைக்காரர் தப்பித்தார்.

உதகை800

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஹெட்டைப் பெட்டியில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். அங்கே ஒரு பட்டறையில் கைடுகளை அளந்து பார்த்து, ஆறும் நன்றாகவே இருக்கின்றன என்றார்கள். லேத்காரர் அண்ணாவின் கைடுச் சந்தேகம் எனக்குப் பொருந்தவில்லை. எரிந்ததற்குக் காரணம் டேப்பட் இறுக்கம் என்று நான் சொன்னதே சரி. அதை இங்கே பதிவு செய்கிறேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் சீட்டை மட்டும் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெட்டிக் குறுக்கி 1.5-க்குக் கொண்டுவந்தார்கள். அரை மணி நேர வேலை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வீட்டில் அந்த வேலையை என்னால் செய்திருக்க முடியாது, அதையும் பதிவு செய்கிறேன். மற்ற ஐந்தையும் அவர்கள் தொடவில்லை. நீலச் சாயம் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஹெட்டை முதலில் மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்புத் தண்ணீரிலும் கழுவினேன். கைடுக்குள் வெள்ளைத் துணியை நுழைத்து இழுத்தேன். ஐந்தாவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது. முதல் நான்கு துணிகளைப் பார்த்தபோது டிரில் மெஷின் மீது எனக்கிருந்த பாசம் போய்விட்டது. தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றினேன்.

இப்போது கம்ப்ரஷன்: 9.3, 9.1, 9.2. பயிற்றுநர் ஐயா சொன்னபடி இரண்டு கேஜ் கருவி ஒன்றைக் கட்டினேன். மூன்றாவதில் கசிவு 7 சதவீதம், அதுவும் ஆயில் மூடிப் பக்கம். சைலன்சரில் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

லேத்காரன்_கோவை

நல்லது தம்பி. கைடில் நான் தோற்றேன். ஆனால் அந்த ஐந்து சீட்டுகளை இன்னும் நம்பாதீர்கள். புதிதாகத் தேய்த்த வால்வு ஓட ஓடக் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும், டேப்பட் இடைவெளி குறையும். 1,000 கிலோமீட்டரில் மூடியைத் திறந்து பாருங்கள். டிக் டிக் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். கேட்காவிட்டால் பயப்படுங்கள்.

வைகைக்கரை_புல்லட்

ஆறில் ஐந்து வீட்டில் தேறியிருக்கிறது. கணக்கு யார் பக்கம் என்று லேத்காரரே சொல்லட்டும்.

லேத்காரன்_கோவை

வண்டியை நிறுத்தியது அந்த ஆறாவதுதான்.

உதகை800

1,000-இல் பார்த்து எழுதுகிறேன். இடைவெளி குறைந்திருந்தாலும் எழுதுவேன், குறையாவிட்டால் கண்டிப்பாக எழுதுவேன்.