ஏர் பிஸ்டல்: குண்டு இடப்பக்கம் கீழேயே விழுகிறது, உதவி தேவை

காரைக்குடியான்:
வணக்கம். நான்கு மாதங்களாக ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) பயிற்சி எடுக்கிறேன். எவ்வளவு நிதானமாகக் குறி பார்த்தாலும் குண்டு இடப்பக்கம் கீழேயே விழுகிறது. நிற்கும் நிலையை மாற்ற வேண்டுமா? ஞாயிறன்று போட்டி, விரைந்து சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகி:
எத்தனை மீட்டர், ஒரு கையா இரு கையா, எந்தக் கை? குண்டுகள் ஓரிடத்தில் கூடி விழுகின்றனவா, சிதறுகின்றனவா? கூடி விழுந்தால், குறி பார்க்க உதவும் சைட்டைத் திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சிதறினால் கோளாறு கையில்தான்.

பழைய கை:
இதற்கு இத்தனை விசாரணை எதற்கு? இடப்பக்கம் கீழே என்றாலே டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறார் என்பது அரிச்சுவடி. குண்டு போடாமல் நாள்தோறும் டிரை ஃபயர் செய்யட்டும். டிரிகர் விழும்போது முன் சைட் அசையாத நாளில் குண்டைப் பற்றிப் பேசலாம்.

காரைக்குடியான்:
10 மீட்டர், ஒரு கை. சிதறித்தான் விழுகின்றன. வீட்டில் வளவை (நடுமுற்றத்தை) சுற்றிய தாழ்வாரத்தில் டிரை ஃபயர் மட்டும் செய்கிறேன்.

பள்ளத்தூர்ப் பேரன்:
வீவர் நிலையில் இரு கைகளாலும் பிடித்துப் பாருங்கள் ஐயா, நடுக்கம் குறையும்.

பழைய கை:
10 மீட்டர் போட்டியில் மற்றக் கை துப்பாக்கியில் படவே கூடாது என்பது விதி. வீவர் நிலை 1950களில் கலிபோர்னியாவில் ஜாக் வீவர் என்னும் காவலர் கைக்கொண்டது. சுடும் கை முன்னே தள்ள, தாங்கும் கை பின்னே இழுக்க, அந்த இறுக்கத்தில் பின்னுதைப்பு அடங்கும். ஏர் பிஸ்டலில் அடக்குவதற்கு என்ன இருக்கிறது?

பள்ளத்தூர்ப் பேரன்:
அப்படியானால் ஐசோசெலிஸ்? இரு கைகளையும் நீட்டி, மார்பை இலக்குக்கு நேராக வைத்து நிற்பது புதியவர்களுக்கு எளிது என்கிறார்களே.

பழைய கை:
எளிதுதான், பின்னுதைப்புள்ள வெடிமருந்துத் துப்பாக்கிக்கு. கேட்டவர் கேட்டது அதுவன்று.

தேவகோட்டை வாசகி:
நிலையைச் சோதிக்க உங்கள் தாழ்வாரமே போதும். ஆத்தங்குடிக் கல்லின் இணைப்புக் கோட்டில் பாதங்களை வைத்து, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் மணிக்கட்டைத் திருப்பாமல் பின்காலை நகர்த்துங்கள். மெருகேறிய தளம் என்பதால் காலுறையோடு நிற்காதீர்கள், வழுக்கும். எந்தக் கை என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

காரைக்குடியான்:
இடக்கை. பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கிதான்.

தேவகோட்டை வாசகி:
அப்படியானால் பழைய கை சொன்ன கணக்கு தலைகீழாகிறது. வெடுக்கென்று இழுக்கும் இடக்கைக்காரருக்குக் குண்டு வலப்பக்கம் அல்லவா இறங்க வேண்டும்? மரக் கிரிப்பை (கைப்பிடியை) பாருங்கள். அதில் உள்ளங்கையைத் தாங்கும் மேடு வலக்கைக்கென்று செதுக்கியதாக இருந்தால், உங்கள் கையில் அது பொருந்தாது. டிரிகர் இழுக்கும் நொடியில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி, முனையை இடப்பக்கம் கீழே சாய்த்துவிடும்.

பழைய கை:
இடக்கை என்பதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

காரைக்குடியான்:
வலக்கைக் கிரிப்தான். இடக்கைக் கிரிப் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டேன், சிதறல் பாதியாகிவிட்டது. நன்றி.