ஆம்புலன்ஸ் கிளம்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பு

கடலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மேல்சிகிச்சைக்கு நாங்கள் அனுப்புவோரில் பலர் புதுச்சேரிக்குத்தான் செல்கிறார்கள். ஆல்பேட்டையைத் தாண்டி, முள்ளோடையில் எல்லையைக் கடந்து, அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்தாவது நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார். அவரைப் பற்றிய விவரம்தான் பின்தங்கிவிடும்.

எங்கள் மருத்துவமனைக்கும் புதுச்சேரியில் உள்ள மருத்துவமனைக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானபோது சால்வைகளுக்கும் குழுப்படத்துக்கும் குறைவில்லை. வார்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. வலிப்பு கண்ட ஒரு கர்ப்பிணியை அனுப்பிய இரவுக்குப் பிறகே மாற்றம் தொடங்கியது. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸ், அதாவது நரம்பு வழியாக 4 கிராமும் இரு பிட்டங்களிலும் தலா 5 கிராமும், இங்கேயே போடப்பட்டிருந்தது. ஆனால் உடன் சென்ற கடிதத்தில் மருந்தின் பெயர்தான் இருந்தது, போட்ட நேரம் இல்லை. நான்கு மணி நேர இடைவெளியில் தொடர வேண்டிய அம்மருந்து உடலில் மிகுந்துவிட்டால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்பதால், புதுச்சேரியில் இருந்த செவிலியர் கண்காணிப்பாளர் முழங்கால் அனிச்சையையும் மூச்சு எண்ணிக்கையையும் சிறுநீர் அளவையும் பார்க்கச் சொல்லிவிட்டு என்னை அழைத்தார். "மேடம், டோஸ் எத்தனை மணிக்குப் போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். கேஸ் ஷீட்டைப் புரட்டி நேரத்தைச் சொன்னேன்.

அதன்பின் நாங்கள் இருவரும் பேசி அரைப்பக்கச் சீட்டு ஒன்றைத் தயாரித்தோம். கடைசியாகக் கொடுத்த மருந்து, அளவு, 24 மணிக் கணக்கில் நேரம், கடைசி ரத்த அழுத்தம், உடன் வரும் உறவினரின் கைபேசி எண் ஆகியவை மட்டுமே அதில் உண்டு. வண்டி கிளம்புமுன் இங்குள்ள பணிச் செவிலியர் அங்குள்ள வார்டின் எண்ணுக்கு அழைத்து அதைப் படித்துக்காட்ட வேண்டும். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தனிப்பட்ட கைபேசிக்கு அழைக்கக் கூடாது என்பதில் புதுச்சேரிக் கண்காணிப்பாளர் பிடிவாதமாக இருந்தார். ஆள் மாறினாலும் எண் மாறாது என்ற அவருடைய வாதம் சரியென்றே இப்போது எனக்கும் படுகிறது.

செவிலியர்களைச் சில நாட்கள் மாற்றி அனுப்பிப் பழக்கும் யோசனை மட்டும் நகரவில்லை. இங்கே தமிழ்நாடு, அங்கே யூனியன் பிரதேசம். கோப்பு இரண்டு நிர்வாகங்களைத் தாண்ட வேண்டும்.

பிரசவித்த தாய் கடலூரிலும் குழந்தை புதுச்சேரியிலும் இருக்க நேரும்போது இந்தச் சீட்டு போதவில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி அனுப்புவது யார், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்பதையே இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.