252 மில்லியன் ஆண்டுக்கு முந்திய கடல் சூட்டை எப்படி அளந்தார்கள்?

கேள்வி (ஹட்டன், விஞ்ஞான ஆசிரியை):
பேர்மியன் என்ற புவிக் காலத்தின் முடிவில் நடந்த உயிரினப் பேரழிவின்போது வெப்பமண்டலக் கடல் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறியது என்று உயர்தர வகுப்பில் சொன்னால், "அதை யார் அளந்தது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மாத்தளை, திகன சலவைக்கல்லும் பழைய கடலில் படிந்ததுதானே? அதை வைத்து விளக்கலாமா?

பதில் 1 (பேராதனை, புவிச்சரிதவியல்):
டீச்சர், அந்தக் கல் இதற்கு உதவாது. கடலில் படிந்தது சரி. ஆனால் பேர்மியனுக்கு வெகு காலம் முன்பே, ஏறக்குறைய 550–600 மில்லியன் ஆண்டுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் 800 பாகைக்கு மேல் வெந்துவிட்டது. உயிர்ச்சுவடும் இல்லை, ஒட்சிசன் சமதானி விகிதமும் (பாரமான, இலேசான ஒட்சிசன் அணுக்களின் விகிதம்) பழையபடி இல்லை.

சான்று கிடைப்பது சீனாவின் மெய்ஷான் போன்ற இடங்களின் சுண்ணாம்புக்கல்லில். அதில் கொனோடொன்ட் என்ற விலாங்கு போன்ற சிற்றுயிரின் பற்கள் இருக்கும். பல 1 மில்லிமீற்றர்கூட வராது. கல்லை உடைத்து 10% அசற்றிக் அமிலத்தில் நாட்கணக்கில் ஊறவிட்டால் கல் கரையும், பல் மிஞ்சும். அவசரப்பட்டு ஐதரோக்குளோரிக் அமிலம் ஊற்றினால் பல்லும் போய்விடும், ஏனென்றால் அது கல்சியம் பொசுபேற்று. பிறகு சல்லடையில் அரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் பொறுக்குவார்கள். வெளிறிய மஞ்சள் நிறப் பல் நல்லது. கறுத்த பல் நிலத்தடியில் 300 பாகை கண்டது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கடைசியில் வெள்ளிப் பொசுபேற்றாக வீழ்படிவாக்கி, பாரமான ஒட்சிசனாகிய ஒட்சிசன்-18ஐ அளப்பார்கள். சூடான நீரில் வளர்ந்த பல்லில் அதன் பங்கு குறைவு. அந்தப் பங்கு ஆயிரத்துக்கு 1 குறைந்தால் ஏறத்தாழ 4 பாகை சூடு கூடியதாகக் கொள்வார்கள்.

பதில் 2 (பண்டாரவளை):
ஒன்றைச் சேர்க்க வேண்டும். மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் இதே இறக்கம் வரும். ஓர் இடத்துக் கல்லை மட்டும் வைத்துச் சூடு என்று சொல்லக் கூடாது.

பதில் 3 (நுவரெலியா):
சைபீரிய எரிமலைகள் கக்கிய காபனீரொட்சைட்டால் கடல் சூடானது. சூடான நீரில் ஒட்சிசன் குறையும், அதே சூட்டில் உயிர்களின் ஒட்சிசன் தேவை கூடும். இரண்டுக்கும் நடுவில் மூச்சுத் திணறியதே கடல் உயிர்களின் அழிவில் பாதிக்கு மேல் காரணம் என்று கணிக்கிறார்கள். கடல்மட்டத்தில், நன்னீர் லீற்றரொன்றில் 10 பாகையில் 11.3 மில்லிகிராம் ஒட்சிசன் நிற்கும். 30 பாகையில் 7.6தான். நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் இங்கே இன்னும் குறைவு.

இதை வகுப்பிலேயே காட்டலாம். குளிர்ந்த பீலித் தண்ணீரை முகவையில் மெல்லச் சூடாக்குங்கள். 50 பாகை வருமுன்பே சுவரில் பொடிக்குமிழி ஒட்டும். அது ஆவியல்ல, கரைந்திருந்த காற்று. பக்கத்தில் கொதித்து ஆறிய நீரை வைத்தால் அதில் குமிழி அரிது. அந்த நீரைக் கொதித்த முகவையிலேயே ஆறவிடுங்கள். வேறொன்றில் ஊற்றினால் காற்று மறுபடி கலந்துவிடும்.