புதுப்பிப்பு: மறுபடி ஒளிரும் இடம் கட்டியா, கதிர்வீச்சின் விளைவா?

கதிர்வீச்சு கொடுத்த இடம் எம்.ஆர்.ஐ.யில் மறுபடி ஒளிர்ந்தால், அது திரும்பி வந்த கிளையோமாவா (ஒரு வகை மூளைக் கட்டி) அல்லது கதிர்வீச்சால் மடிந்த திசுவா என்று கண்டறிய பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று எடுக்கும் படம்) உதவும் என்று முன்பு எழுதியிருந்தேன். "வழக்கமான எஃப்.டி.ஜி. போதாதா?" என்பதுதான் அதற்கு வந்த முக்கியக் கேள்வி.

பெரும்பாலும் போதாது. எஃப்.டி.ஜி. என்பது பெட் ஸ்கேனுக்குப் போடும் மருந்துகளில் குளுக்கோஸ் வகை. மூளைப் புறணியே (மூளையின் வெளி அடுக்கு) அதை வாரி இழுத்துக்கொள்வதால், சிறிய கட்டி அந்த வெளிச்சத்தில் அமுங்கிவிடும்.

அமினோ அமில வகையான எஃப்.ஈ.டி. கிடைத்தால் அதுவே மேல். குறைந்தது 4 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, சுமார் 200 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) ஊசி போட்டு, அதன்பின் 20 முதல் 40 நிமிடம் வரையிலான படத்தை எடுப்பார்கள். ஊசி ஏறும்போதே தொடங்கித் தொடர்ந்து பதிவு செய்தால் இன்னும் நல்லது. மருந்து சேரும் அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைவு சட்டென்று உச்சம் தொட்டு இறங்கினால், அது கட்டியைக் காட்டும். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கதிர்வீச்சு விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒளிரும் இடத்தில் சேர்ந்த மருந்து, இயல்பான மூளையில் (பின்னணி) சேர்ந்ததைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதத்தையும் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் பின்னணி அளவில்தான். ஒப்பிடும் பகுதியை மூளையின் எதிர்ப்பக்க வெண்பொருளில் (புறணிக்கு உள்ளே இருக்கும் நரம்பிழைத் திசு) மட்டும் வரைந்தால் விகிதம் பொய்யாக உயரும். சாம்பல்பொருளும் (புறணித் திசு) வெண்பொருளும் சேர்ந்த பிறை வடிவம்தான் சரி. விகிதம் 2-ஐ ஒட்டி வந்தால், அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது, வளைவையும் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அண்மையில் வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அதனாலும் புறணி ஒளிரும். 1 செ.மீ.க்குக் குறைவான கட்டி மங்கலாகத் தெரிந்து தப்பிவிடலாம்.