வீகன் உணவகத்தில் பிரன்ச்: முட்டை மாதிரியே சமைக்கத்தான் வேண்டுமா?

ஞாயிறு வாசகன்

எங்கள் பகுதியில் இருக்கும் வீகன் உணவகத்தில் வார இறுதி பிரன்ச் (காலை உணவும் மதிய உணவும் ஒன்றாக) சாப்பிட்டேன். இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன் எதுவும் இல்லாத இடம். டோஃபு (சோயாப் பாலை உறையவைத்த கட்டி) பொடிமாஸ், வதக்கிய காளான், வாட்டிய ரொட்டி, முந்திரி சீஸ், ஓட்ஸ் பால் காபி. "இதெல்லாம் ஒரு சாப்பாடா, பசி அடங்குமா?" என்று வீட்டில் கேட்டார்கள். அடங்கியது. மாலை வரை வேறொன்றும் தேவைப்படவில்லை. தட்டில் முதலிடம் காளானுக்குத்தான். ஓரங்கள் கருகி, உள்ளே சாறு அப்படியே இருந்தது. வீகன் அல்லாதவர்களும் இத்தகைய இடங்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

முட்டைப்பிரியர்

நான் மறுக்கிறேன். உங்கள் தட்டிலேயே காரணம் இருக்கிறது. நீங்கள் புகழ்ந்தது காளானை. அது காளானாகவே வந்தது. டோஃபுவுக்கு மஞ்சள்தூள் தூவி முட்டை வேடம் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முட்டையின் வெண்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்கும். மஞ்சள்கரு இறுக இன்னும் சற்று அதிகச் சூடு வேண்டும். அந்த இடைவெளியில்தான் வெள்ளை வெந்து மஞ்சள் வழிகிற நிலை கிடைக்கிறது. டோஃபு ஏற்கெனவே உறைந்த பொருள். அதை எவ்வளவு வதக்கினாலும் அந்த வழிசல் வராது. வராத ஒன்றை நினைவூட்டிக்கொண்டே ஏன் பரிமாற வேண்டும்? பருப்பும் கிழங்கும் பயறும் சொந்தப் பெயரோடு மேசைக்கு வரட்டுமே.

அடுப்படிக்காரர்

வீகன் சமையலறையில் வேலை செய்கிறவன் என்பதால் எழுதுகிறேன். முட்டைப்பிரியர் ஐயா சொல்லும் வழிகிற மஞ்சள்கருவை நாங்களும் முயல்வதில்லை. பொடிமாஸ் வேறு விஷயம். முட்டையிலும் அது உதிரி உதிரியாக, நன்றாக இறுகியதுதான். டோஃபுவைத் துணியில் கட்டிக் கனம் ஏற்றி நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாணலியில் வேகுமே தவிர வதங்காது. கறுப்பு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. முட்டை வாசம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். பல இடங்களில் இந்த ஒரு படியில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வேடம் என்கிறீர்களே, அது எனக்கு வருத்தம் தருகிறது. எங்களிடம் வருகிற பலர் முட்டையின் ருசி பிடிக்காமல் அதை விட்டவர்கள் அல்ல. கோழிகள் அடைபட்டுக் கிடக்கும் விதம் மனசாட்சிக்கு ஒவ்வாமல் விட்டவர்கள். அவர்களுடைய நாக்குக்குப் பழைய நினைவு இருக்கிறது. அதைக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியாது.

முட்டைப்பிரியர்

மனசாட்சிக்காக விட்டவர்களை நான் குறை சொல்லவே இல்லை, நண்பரே. அவர்கள் மீது மதிப்பு உண்டு. வாசகன் அழைப்பது என்னைப் போன்றவர்களை. எனக்கு முட்டை எப்படியும் கிடைக்கிறது. அப்படியிருக்க நகலுக்காக நான் ஏன் வர வேண்டும்?

சீஸ் பற்றியும் கேட்கிறேன். கடையில் வாங்கும் வீகன் சீஸ் பலவற்றின் உறையைப் படித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், மாவுச்சத்து, உப்பு, வாசனைப் பொருள். புரதம் பெயருக்குத்தான். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில்கூட எடையில் பாதியளவுதான். தாவரம் என்ற ஒரே காரணத்துக்காக இது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட முடியுமா?

சத்துணவு மாணவி

முடியாது. ஆனால் தட்டு முழுவதையும் சீஸை வைத்து எடைபோடுவதும் சரியில்லை. சோயாப் புரதத்தின் தரம் பால், முட்டைப் புரதங்களுக்கு நெருக்கமானது. வாசகனுக்கு மாலை வரை பசிக்காததில் வியப்பே இல்லை. முந்திரியை ஊறவைத்து அரைத்த சீஸும் தேங்காய் எண்ணெய்க் கட்டியும் ஒன்றல்ல. எது பரிமாறப்படுகிறது என்று கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

எனக்கு வேறு இரண்டு கவலைகள் உண்டு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து இறைச்சியில் இருப்பதைவிடக் குறைவாகவே உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் இன்னும் குறையும். பிரன்ச் என்றாலே காபியும் தட்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, தட்டோடு ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டால் வைட்டமின் சி அந்த இரும்பைச் சேர்க்க உதவும். அடுத்தது வைட்டமின் பி12. செறிவூட்டப்படாத, அதாவது சத்தைத் தனியாகச் சேர்க்காத, தாவர உணவில் இதை நம்பியிருக்க முடியாது. ஒரு நாள் பிரன்ச்சுக்குப் போகிறவர் அஞ்ச வேண்டாம். முழு வீகனாக வாழ்கிறவர் செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்ஸ் பால் எல்லாமே செறிவூட்டியவை என்று எண்ணிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

ருசியையும் சத்தையும் பேசுகிறீர்கள். பூமியை யாரும் பேசவில்லை. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. அதன்படி ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சுமார் 3 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றம், ஓட்ஸ் பாலுக்கு ஒரு கிலோவுக்கும் கீழே. நிலத்தேவை பசும்பாலுக்கு 9 சதுர மீட்டர், ஓட்ஸ் பாலுக்கு ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. தண்ணீர் பசும்பாலுக்கு 628 லிட்டர், பாதாம் பாலுக்கு 371, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. எனக்கு இந்த ஒரு கோப்பை காபியே போதுமான காரணம்.

முட்டைப்பிரியர்

பாலுக்கான கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அதை எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் கணக்கு என் பக்கத்துக்கும் துணை நிற்கிறது. பயறும் பருப்பும் நேரடியாகத் தட்டுக்கு வந்தால் அதே பலன் கிடைக்கிறதே. அவற்றை முட்டையாக்கிக் காட்டுவதில் பூமிக்கு என்ன கூடுதல் லாபம்?

ஞாயிறு வாசகன்

லாபம் வருகிறவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பழக்கமில்லாதவர் முதன்முதலாக உணவுப் பட்டியலைப் பிரிக்கும்போது தெரிந்த பெயர் ஒன்றைத் தேடுகிறார். "பொடிமாஸ்" என்று இருந்தால் துணிந்து கேட்கிறார், அதன் ஓரத்தில் காளானும் வருகிறது. அடுத்த முறை காளானைத் தனியாகவே கேட்கிறார். நான் அப்படித்தான் கேட்கப்போகிறேன்.

முட்டைப்பிரியர்

அப்படியானால் காளானை முதல் வரியில் போடச் சொல்லுங்கள். சமைப்பவருக்குத் தன் பொருள் மீது நம்பிக்கை இருக்க வேண்டும். முதல் வரியில் அது இருந்தால் நான் வருகிறேன்.

இரு பிள்ளைகளின் தாய்

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் இளைய பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை. பிறந்தநாள், விருந்து என்று எங்கே போனாலும் அவனுக்குத் தனி டப்பா கட்டிக்கொண்டுதான் போகிறோம். மற்றவர்கள் சாப்பிடுவதையே அவனும் சாப்பிடக்கூடிய இடம் என்றால் எங்களுக்கு அது பெரிய விஷயம். மாதிரியா, அசலா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. அப்பம் போல உப்பி வரும் பான்கேக்கை அவன் ஒருமுறையாவது சாப்பிட வேண்டும். வீகன் என்று எழுதியிருந்தால் நம்பிக் கொடுக்கலாமா? அடுப்படிக்காரர் அண்ணா சொல்ல வேண்டும்.

அடுப்படிக்காரர்

பெயரை மட்டும் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. வீகன் என்பது செய்முறையில் பால் சேர்க்கவில்லை என்பதைச் சொல்கிறது. பாலின் சுவடே இல்லை என்ற உறுதிமொழி அதில் கிடையாது. முழு வீகன் சமையலறையில் பால் பாத்திரமே இருக்காது என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் வெளியிலிருந்து வாங்கும் ரொட்டியும் சாக்லெட்டும் பால் கையாளும் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டுவகையும் சமைக்கிற இடமென்றால் ஒரே தோசைக்கல்லில் வெண்ணெயும் பட்டிருக்கும். முந்திரி, சோயா, எள், கோதுமை இவற்றில் எதுவும் அவனுக்கு ஒவ்வாதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் சமையலில் இவை நிறையவே உண்டு.

எங்கள் பான்கேக்கில் கோதுமை மாவு, சோயாப் பால், சமையல் சோடா, வினிகர். சோடாவும் வினிகரும் சேர்ந்து எழுப்பும் வாயுதான் மாவை உப்பவைக்கிறது. அதனால் கலந்த கையோடு கல்லில் ஊற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் தட்டையாகிவிடும். நீங்கள் போகும் இடத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில் போய், சமைப்பவரையே வெளியே அழைத்துக் கேளுங்கள். சாக்லெட் துண்டுகள் போடுகிறார்கள் என்றால் உறையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சமையற்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

இரு பிள்ளைகளின் தாய்

நன்றி அண்ணா. எள் மட்டும்தான் சந்தேகம், மருத்துவரிடம் கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்கிறேன். வாசகன் ஐயா, நீங்கள் போன இடத்தில் ரொட்டி அங்கேயே சுட்டதா, வெளியில் வாங்கியதா?

ஞாயிறு வாசகன்

தெரியவில்லை அம்மா. நாளை காலை அவர்களிடமே கேட்டு இங்கே எழுதுகிறேன். சாக்லெட் உறையையும் பார்த்துவிடுகிறேன்.