பம்ப் ஓடினால் தொட்டிகளில் நீர் மட்டம் மாறிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மண்ணில்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் தக்காளி வளர்க்கிறேன். நான்கு தொட்டிகள், ஒரே மட்டத்தில், வரிசையாக. பம்ப் முதல் தொட்டியில் தண்ணீரை விடுகிறது. அது அடியிலுள்ள முக்கால் அங்குல பைப் வழியாக ஒவ்வொன்றாகக் கடந்து கடைசித் தொட்டிக்கு வர, பம்ப் மறுபடி இழுத்துக்கொள்கிறது.

பம்பை நிறுத்தினால் எல்லாம் சமமாகிவிடுகிறது. ஓடவிட்டால் முதல் தொட்டி விளிம்பு வரை ஏறுகிறது. கடைசித் தொட்டியில் வேர்கள் பாதிக்கு மேல் வெளியே தொங்குகின்றன. வெள்ளையாக இருந்த நுனிகள் பழுப்பாகி வருகின்றன, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சின்ன பைப்பில் அவ்வளவு தண்ணீரைத் தள்ள இந்த உயர வித்தியாசம் தேவைப்படுகிறது என்பது புரிகிறது. வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்தால் மட்டம் ஓரளவு சரியாகிறது. ஆனால் சுழற்சி மந்தமாகி, உரக் கரைசலின் அடர்த்தி தொட்டிக்குத் தொட்டி மாறுகிறது. போதாததற்கு வேர்கள் வேறு பைப் வாயை அடைக்கின்றன. வலை கட்டினேன், அப்புறம் வலையும் அடைத்துக்கொண்டது.

இப்போது இரண்டு யோசனைகள். ஒன்று, 2 அங்குல பைப்புக்கு மாறுவது. இன்னொன்று, பம்பிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வால்வோடு கிளைக்குழாய் விட்டு, ஒவ்வொன்றிலும் வழிகுழாய் வைத்து, வழியும் நீரைக் கீழே தனித் தொட்டியில் சேர்ப்பது. வரத்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வழிகுழாயின் உயரம்தான் மட்டத்தைத் தீர்மானிக்கும் என்பதால் எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

இப்படி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? செடிகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. அவற்றை வெளியே எடுக்காமல் தொட்டியில் துளை போட்டு, கசியாமல் குழாயைப் பொருத்த முடியுமா?